அளவுச் சட்டையா, அளவு நாடாவா, அச்சடித்த பேட்டர்னா?

வீட்டில் தைத்த சட்டையை அணிந்து வெளியே போகும்போது “நீங்களே தைத்ததா?” என்று யாராவது கேட்டால், அவர் தையலைப் பார்த்துக் கேட்கவில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். நூல் நேராக ஓடியிருக்கும், கொக்கிகள் வரிசை பிசகாமல் இருக்கும், கீழ் மடிப்பும் சீராக இருக்கும்; ஆனாலும் தோளுக்கும் அக்குளுக்கும் நடுவே சாய்வாகக் கிடக்கும் ஒரு சுருக்கம் காட்டிக் கொடுத்துவிடும். நேராகத் தைப்பது கைப்பழக்கம். பாட்டி காலத்துக் கைமெசினில் இரண்டு மாதம் உட்கார்ந்தாலே அது வந்துவிடுகிறது. உடம்பில் ஒழுங்காக உட்காருவது மெசினுக்கு முன்னால் போவதற்கு முன்பே, துணியில் கத்தரிக்கோல் பட்ட இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் வெட்டும் கோட்டை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியைத்தான் வீட்டில் தைக்கத் தொடங்குபவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்தில் அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றை, அதாவது எல்லோரும் சொல்லும் ‘அளவுச் சட்டை’யை வைத்துப் படியெடுக்கலாம். அளவு நாடாவால் உடம்பை அளந்து கடதாசியில் வரையலாம். அச்சடித்த பேட்டர்னை, அதாவது வெட்டும் கோடுகள் ஏற்கெனவே போடப்பட்ட தாளை, வாங்கியோ கணினியிலிருந்து இறக்கியோ நமக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். இவை ஒன்றும் வேண்டாமென்றால் துணியை டெய்லரிடம் கொடுத்துவிட்டு வரலாம். நான் மூன்று பேருக்குத் தைக்கிறேன். ஆசிரியையாக இருப்பதால் வாரத்தில் ஐந்து நாளும் சாரி கட்டுகிற எனக்கு. தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மாவுக்கு. தரம் எட்டில் படிக்கிற தங்கை மகளுக்கு. இந்த மூவருக்கும் ஒரே வழி சரிவரவில்லை என்பதைத் துணியை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

டெய்லரை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். உடம்பை அளந்து, வெட்டிய துணியை நூலோட்டி, ஒருமுறை போட்டுப் பார்க்கக் கூப்பிட்டு, அதன் பிறகு தைத்துக் கொடுக்கும் டெய்லர் கிடைத்தால் இந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் அருகிவிட்டார்கள். பெரும்பாலான கடைகளில் “அளவுச் சட்டை கொண்டு வந்தீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி, ஆகவே அதுவும் முதல் வழியேதான், கை மட்டும் இன்னொருவருடையது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்து தோட்டமே துணியெடுக்கப் புறப்படும் வாரங்களில் எந்தக் கடையிலும் துணி வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஒருமுறை உறவினர் கல்யாணத்துக்காக நான் கொடுத்த பட்டுச் சட்டை, பக்கத் தையலின் உள்ளே கால் அங்குலம்கூட விடாமல் வெட்டப்பட்டுத் திரும்பி வந்தது. பிரித்துப் பெரிதாக்கவும் வழியில்லை, சாரிக்குப் பொருத்தமான துணி வேறு மிச்சமுமில்லை. முந்தானையால் மூடிக்கொண்டு போனேன்.

அளவுச் சட்டையை வைத்துப் படியெடுப்பதில் உள்ள பெரிய வசதி, பொருத்தம் ஏற்கெனவே நிரூபணமாகியிருப்பது. கழுத்து எவ்வளவு இறங்கினால் நமக்குக் கூச்சமில்லை, கை எந்த இடத்தில் பிடிக்காது என்பதையெல்லாம் அந்தச் சட்டையே அறிந்து வைத்திருக்கிறது. இடைஞ்சல் அதைத் தட்டையாக்குவதில் வருகிறது. டாட், அதாவது உடம்பின் வளைவுக்காக உள்ளே தைக்கும் கூரான மடிப்பு, பிடித்துத் தைத்த சட்டை மேசைமேல் தட்டையாகப் படுக்காது. அழுத்திப் படுக்க வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தால், டாட்டுக்குள் மறைந்திருக்கும் துணி கணக்கில் வராமல், முன்பக்கம் சிறுத்துவிடும். பழைய சட்டைகளில் ஒன்றைத் தியாகம் செய்துவிடுவதே நல்லது. அதிலும் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. இடது பக்கத்தை மட்டும் பிரித்து, வலது பக்கத்தை அப்படியே விட்டுவிட்டால், எந்தத் துண்டு எதோடு எப்படிச் சேர்ந்தது என்று சந்தேகம் வரும்போதெல்லாம் பார்த்துக்கொள்ள முடியும். பிரித்த துண்டுகளின் மேல் இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது. தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். கழுத்தும், கையைச் சேர்க்கும் திறப்பான கைக்குழியும் துணியின் குறுக்குச் சாய்வில் வெட்டப்பட்டவை என்பதால், இழுத்துத் தேய்த்தால் அங்கேதான் நீளும்.

இந்த வழியில் நான் இரண்டு முறை சறுக்கியிருக்கிறேன். இப்போது எங்கும் விற்கிற ஸ்ட்ரெச் சட்டை ஒன்று எனக்குக் கையுறை மாதிரிப் பொருந்தியிருந்தது. அதைப் பார்த்து வெட்டி, இழுபடாத பொப்ளினில் தைத்தபோது, கொக்கி போடும் இரண்டு விளிம்புகளும் சந்திக்கவே இல்லை. இழுபடும் துணி தன் அளவில் பாதியை உடம்பிடமிருந்துதான் கடன் வாங்குகிறது என்பது அன்றைக்குப் புரிந்தது. பின்னல் துணியிலிருந்து நெய்த துணிக்கு ஒருபோதும் படியெடுக்க முடியாது. லைனிங் வைத்ததிலிருந்து லைனிங் இல்லாததற்கு எடுப்பதிலும் கவனம் வேண்டும். இரண்டாவது சறுக்கல் மெதுவாக வந்தது. நான் தைத்த சட்டையைப் பார்த்து அடுத்ததை வெட்டினேன், அதைப் பார்த்து அதற்கடுத்ததை வெட்டினேன். ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டுக்கு வெளியே நூலளவு தள்ளி வெட்டியது சேர்ந்து, ஐந்தாவது சட்டையில் தோள் அரை அங்குலம் கையின் பக்கம் வழிந்தது. முதல் சட்டையைக் கெட்டியான பிரவுண் கடதாசியில் எடுத்து வைத்துக்கொண்டு, எப்போதும் அந்தக் கடதாசியிலிருந்தே வெட்டியிருந்தால் இது நேர்ந்திராது.

பாடசாலைச் சீருடைக்கு இதைவிடச் சிறந்த வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1993 முதல் அரசு இலவசமாகக் கொடுத்துவரும் வெள்ளைச் சீருடைத் துணி பிள்ளையின் தரத்துக்கென்று குறித்த நீளத்தில்தான் வருகிறது. பிழையாக வெட்டினால் கடையில் வேறு வாங்க வேண்டும். போன வருடச் சீருடையைப் பிள்ளைக்குப் போட்டு, எங்கே பிடிக்கிறது, எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று பார்த்து, அந்த அளவைக் கூட்டி, வளர்த்திக்கு இடுப்பிலும் கீழ் மடிப்பிலும் தாராளமாக உள்ளே விட்டு வெட்டினால் போதும். பிள்ளையின் உடம்பில் திருத்த வேண்டிய வளைவுகள் குறைவு. இதற்காக அளவெடுத்து வரைந்துகொண்டிருப்பது வீண் வேலை.

நாடாவை எடுத்து உடம்பையே அளக்க வேண்டியது, படியெடுக்க நல்ல சட்டை இல்லாதபோதும், உடம்பு மாறிவிட்டபோதும்தான். பிள்ளை பெற்ற பின்னும், நோயிலிருந்து எழும்பிய பின்னும், ஐம்பதைத் தாண்டிய பின்னும் பழைய அளவுச் சட்டை பழைய உடம்பின் சாட்சி மட்டுமே. அளப்பதற்கு இன்னொருவர் வேண்டும். தன்னைத் தானே அளப்பவர் கையைத் தூக்கும்போதே மார்பின் அளவு மாறிவிடுகிறது. இடுப்பில் ஓர் இலாஸ்டிக் நாடாவைக் கட்டிக்கொண்டு நிற்பது நல்லது, மேலிருந்து இறங்கும் அளவுகளெல்லாம் அந்த ஒரே கோட்டில் முடியும். நாடாவையும் நம்பிவிடக் கூடாது. பல வருடம் சுருட்டி இழுத்த பிளாஸ்டிக் நாடா நீண்டிருக்கும். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்ரிமீற்றர், அகலம் 21 சென்ரிமீற்றர் என்பதால், ஒரு புதுத் தாளின்மேல் வைத்தாலே உண்மை தெரிந்துவிடும். எங்கள் வீட்டு நாடா அந்தப் பரீட்சையில் தோற்றது.

அளந்த பின் வரைவதற்குத் தையல் வகுப்புகளில் கணக்குகள் சொல்லிக் கொடுப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை மார்புச் சுற்றளவு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஊகிப்பவை. கைக்குழியின் ஆழத்துக்கு மார்புச் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை எடுத்து ஓர் அங்குலம் கூட்டுவது அப்படியொரு வழக்கம். 36 அங்குலத்துக்கு இது 7 அங்குலம் தரும், அநேகமாகச் சரியாகவே இருக்கும். என்னைப் போல மார்பு பருத்துத் தோள் சிறுத்தவர்களிடம்தான் கணக்கு பிசகுகிறது. எனக்கு மார்பின் நிறைந்த இடத்தில் 38, அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே அளந்தால் 35. 38ஐ வைத்துப் போட்டால் கைக்குழி ஏறக்குறைய 7⅓ அங்குலம்; என் எலும்பு கேட்பதோ 35க்குரிய 6⅞ அங்குலத்துக்கும் சற்றுக் குறைவானது. இடையிலுள்ள அரை அங்குலம் பெரிதில்லை என்று தோன்றும். கரும்பலகையின் மேல் வரியில் திகதியை எழுதக் கையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

கைக்குழி பற்றிப் பலர் தலைகீழாக நினைப்பதால் இங்கே சற்று நிற்கிறேன். கை தூக்கும்போது சட்டை பிடிக்கிறது என்றால், குழியை இன்னும் ஆழமாக வெட்டிவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். வெட்டினால் நோய் முற்றும். ஆழமான குழியில் கையின் அடித்தையல் விலாப் பக்கம் இறங்கிவிடுகிறது. கை மேலே போகும்போது அந்தத் தையல் பக்கத் துணியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதால், சட்டை முழுவதும் ஏறி வயிறு தெரிகிறது. குழி அக்குளை ஒட்டி உயர்ந்திருந்தால், கை அசையும். சட்டை இருந்த இடத்தில் இருக்கும். இதற்காகவே நான் தோளையும் கைக்குழியையும் மேல்மார்பின் 35ஐ வைத்து வரைகிறேன். முன்பக்கத்தில் மட்டும் நிறைந்த மார்புக்குத் தேவையான மூன்று அங்குலத்தை டாட்டின் வழியாகச் சேர்க்கிறேன். டாட்டின் நுனி மார்பின் முனையை நோக்கிப் போக வேண்டும், ஆனால் முனையில் போய் முடியக் கூடாது. முக்கால் அங்குலமாவது முன்னதாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் துணி கூராகத் துருத்தும்.

அம்மாவின் கதை வேறு. தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கூடையைச் சுமந்து, மலைச் சரிவில் முன்னோக்கிச் சாய்ந்து நின்ற உடம்பு அது. கழுத்து முன்னே போய், மேல் முதுகு வளைந்து, வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. எந்தச் சட்டையைப் போட்டாலும் சற்று நேரத்தில் அது பின்னால் வழுகிப் போய் முன் கழுத்து தொண்டையில் அழுத்தும். அவர் ஒரு கையால் முன்பக்கத்தைக் கீழே இழுத்து விட்டபடியே பேசுவார். அதை நான் அவருடைய பழக்கம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அளந்து பார்த்தபோது, தோள்பட்டை எலும்புகளின் மேல் முதுகின் அகலம் 14½ அங்குலமாகவும் முன்நெஞ்சின் அகலம் 12½ அங்குலமாகவும் இருந்தன. வளைந்த முதுகைச் சுற்றி வர பின்பக்கத் துணிக்கு நீளம் போதாததால்தான் அது முன்பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே என்று வைத்துக்கொள்ளும் எந்தக் கணக்கும் இதைப் பிடித்திராது. அவரிடம் நல்ல அளவுச் சட்டை ஒன்றுமே இல்லாததால் படியெடுக்கவும் வழியில்லை.

நான் செய்தது இது. பின்பக்கக் கடதாசியில், தோள்பட்டை எலும்பின் மட்டத்தில், முதுகின் நடுக்கோட்டிலிருந்து கைக்குழி வரை குறுக்கே வெட்டினேன். கைக்குழி ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவு ஒட்டியபடி விட்டு, நடுவில் முக்கால் அங்குலம் விரித்து, இடைவெளியில் வேறு கடதாசியை ஒட்டினேன். விரித்ததால் சாய்ந்துபோன நடுக்கோட்டை மறுபடி நேராக்கும்போது கழுத்தின் அகலம் கூடுகிறது. அந்தக் கூடுதலைப் பின்கழுத்தில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு டாட் பிடித்துக் குறைத்தேன். அந்த டாட்டே முதுகின் வளைவுக்கு இடமும் கொடுத்துவிட்டது. வலது தோள் சரிவை அரை அங்குலம் இறக்கி, அதே அளவுக்கு வலது கைக்குழியின் அடியையும் இறக்கினேன். தோளை மட்டும் இறக்கிவிட்டுக் குழியை மறந்தால், அந்தப் பக்கம் கை நெருக்கும்.

இனி அச்சடித்த பேட்டர்ன். 1863இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் பல அளவுகளில் தாள் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கியபோது, முதலில் வந்தவை ஆண்களுக்கும் பையன்களுக்குமான உடுப்புகள். இன்று எல்லாம் கிடைக்கின்றன, சாரிச் சட்டையைத் தவிர என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அதனால் சாரி கட்டுபவருக்கு இந்த வழியால் லாபம் குறைவு. கொலர் வைத்த சட்டை, பை வைத்த பாவாடை, குளிருக்கு ஒரு கோட் என்று நமக்கு முன்பின் தெரியாத ஒன்றைத் தைக்கப் புறப்படும்போது இதற்கு ஈடில்லை. கொலரை நாமே வரைந்து சரிக்கட்டப் போனால் வாழ்நாள் போதாது. அவர்கள் அதை முடித்தே கொடுக்கிறார்கள், எதற்குப் பிறகு எதைத் தைப்பது என்ற வரிசையோடு.

வாங்குபவர்கள் மூன்று இடங்களில் வழுக்குவதைக் கண்டிருக்கிறேன். முதலாவது, கடையில் வாங்கும் ஆயத்த உடுப்பின் இலக்கத்தை நினைத்து அளவைத் தெரிவுசெய்வது. பேட்டர்னின் இலக்கம் வேறு உலகம், உறையிலுள்ள அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பேட்டர்ன்களில் பெரும்பாலானவை மேல்மார்புக்கும் நிறைமார்புக்கும் இடையில் இரண்டு அங்குல வித்தியாசம் உள்ள உடம்புக்கு வரையப்பட்டவை. வித்தியாசம் அதைவிடக் கூடியவர்கள் மேல்மார்பு அளவோடு இரண்டைக் கூட்டி அந்த அளவைத் தெரிவுசெய்து, முன்பக்கத்தை மட்டும் விரித்துக்கொள்ள வேண்டும்; என் கணக்கில் அது 38 அல்ல, 37. இரண்டாவது, தையலுக்கு விடும் துணி. அமெரிக்கத் தாள்களில் ஓரத்துக்கு ⅝ அங்குலம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். 1950இல் ஜேர்மனியில் தொடங்கிய பூர்டா சஞ்சிகையின் தாள்களில் அது சேர்ந்திருக்காது, நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் வெட்டினால் இரண்டு பக்கத் தையலில் மட்டும் இரண்டரை அங்குலம் தொலையும். மூன்றாவது உயரம். பூர்டாவின் சாதாரண அளவுகள் 168 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கானவை. நாலடிப் பத்து அங்குலமுள்ள என் அம்மாவுக்கு அதைக் கீழே மட்டும் வெட்டிக் குட்டையாக்கினால், மார்பின் முனையும் இடுப்பும் முழங்கையும் தத்தம் இடத்துக்குக் கீழேயே நிற்கும். கைக்குழிக்கும் மார்புக்கும் நடுவில் கொஞ்சம், மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் கொஞ்சம் என்று கடதாசியை மடித்துக் குறைக்க வேண்டும்.

கணினியில் கிடைப்பவற்றிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று அளவுகள் நிலையாகப் போடப்பட்ட கோப்பு. மற்றது ஃப்ரீசூயிங், வாலன்டினா போன்ற இலவச மென்பொருள்களில் நம் அளவுகளைக் கொடுத்து வரையச் சொல்வது. இரண்டாவது வகை, தையல் வகுப்பின் கணக்கையே நுணுக்கமாகச் செய்து தருகிறது. ஆனால் நாடாவைப் பிடித்த கை பிசகினால் அதுவும் பிசகும். வலது தோளும் இடது தோளும் ஒன்றே என்றுதான் பொதுவாக அதுவும் நம்புகிறது. இவற்றை டவுனில் உள்ள கொமினிகேஷன் கடையில் அச்சடித்து, இருபது முப்பது ஏ4 தாள்களைத் தரையில் பரப்பி ஒட்ட வேண்டும். அச்சடிக்கும் பிள்ளையிடம் ‘தாளுக்குள் அடக்கு’ என்ற தெரிவை எடுத்துவிடச் சொல்லி, பக்கத்தில் வரைந்திருக்கும் சோதனைச் சதுரத்தை அங்கேயே அளந்து பார்த்துவிட்டுத்தான் மீதித் தாள்களை அடிக்கச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு மூன்று சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. 36 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும்.

எந்த வழியைப் பிடித்தாலும் நல்ல துணியில் கை வைப்பதற்கு முன் ஒரு வெள்ளோட்டச் சட்டை தைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் என் தங்கை. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்கு மலையகத்திலிருந்து போன எத்தனையோ பெண்களில் அவளும் ஒருத்தி. அங்கே ஆடைத் தொழிற்சாலையில் ஏழு வருடம் கொலர் மட்டுமே தைத்தாள். முழுச் சட்டை தைக்கத் தெரியாமல் ஊருக்குத் திரும்பி வந்தவளை நான் கொஞ்சம் கேலி செய்ததும் உண்டு. “அக்கா, சாம்பிள் ஒன்னு போடாம எந்த ஃபெக்டரியிலயும் கட்டிங் தொடங்க மாட்டாங்க. நீங்க மட்டும் எப்படி நேரா பட்டுல வெட்டுறீங்க?” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காடாத் துணி வேண்டுமென்றுகூட இல்லை. கிழியத் தொடங்கிய படுக்கை விரிப்பு போதும். பெரிய தையலில் மெசினை ஓட்டி, லைனிங்கும் கொக்கியும் இல்லாமல் குண்டூசியால் பூட்டிப் போட்டுப் பார்க்க ஒரு மாலைநேரம் போகும்.

போட்ட பிறகு கண்ணாடியில் பார்க்க வேண்டியது அழகையல்ல, சுருக்கங்களின் திசையைத்தான். துணி எங்கே போதவில்லையோ அந்த இடத்தை நோக்கிச் சுருக்கங்கள் விரல் நீட்டும். மார்பின் முனையை நோக்கிக் கோடுகள் ஓடி, கீழ் விளிம்பும் முன்னால் ஏறினால், முன்பக்கத்துக்கு இடம் வேண்டும். கழுத்தடியிலிருந்து அக்குள் பக்கமாகச் சரிந்து விழும் தளர்ந்த மடிப்பு, தோள் சரிவு நம்முடையதைவிடக் குறைவாக வரையப்பட்டிருக்கிறது என்று சொல்லும். பின்கழுத்துக்குக் கீழே குறுக்கே ஒரு மடிப்பு நின்றால், தோள் நிமிர்ந்த ஆள். இறுக்கமான சுருக்கம் துணியைக் கேட்கிறது, தளர்ந்த சுருக்கம் துணி மிச்சம் என்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திருத்த வேண்டும், அதுவும் தோளிலிருந்து தொடங்கி. தோள் சரியானதும் கீழே இருந்த பாதிச் சுருக்கங்கள் தாமாகவே போய்விடும். இடுப்பைப் பிடித்துவிட்டுப் பிறகு தோளுக்கு வந்தவர்கள் இரண்டையும் இரண்டு முறை பிரிக்கிறார்கள்.

எங்கள் காலநிலைக்கென்று இரண்டு சேதிகள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் நனைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது என்பதற்காகப் பருத்தியை நனைக்காமல் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். சில பருத்தித் துணிகள் முதல் நனைப்பில் மீற்றருக்கு மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் வரை சுருங்கும். அத்தனை கணக்கும் பார்த்து வரைந்த சட்டை முதல் சலவையோடு தங்கைக்குப் போய்விடும். இன்னொன்று, நுவரெலியா பக்கக் குளிருக்குக் கோட் தைப்பவர்கள் உள்ளே போடும் சுவெட்டரோடு நின்று அளவெடுக்க வேண்டும். சாரிச் சட்டைக்கு மார்பில் ஓர் அங்குலம் லூஸ் போதும், சல்வார் மேல்சட்டைக்கு மூன்று நான்கு வேண்டும். சுவெட்டருக்கு மேல் வரும் கோட்டுக்குச் சுவெட்டரோடு அளந்த அளவுக்கு மேலும் நான்கு விடாமல் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது.

ஆகவே என் வீட்டில் இப்படிப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். தங்கை மகளின் சீருடை, போன வருடத்ததைப் பார்த்து. அவளுடைய கோட், அச்சடித்த பேட்டர்னில். கொலரை அவளுடைய அம்மா தைத்தாள், நான் கிட்டவே போகவில்லை, அப்படியொரு கொலரை எங்கள் டவுனில் காண்பது கஷ்டம். எனக்கு, ஒருமுறை அளந்து வரைந்து இரண்டு வெள்ளோட்டத்தில் திருத்தி எடுத்த கடதாசி. மூன்று வருடமாக அதிலிருந்தே வெட்டுகிறேன், அதாவது இப்போது அதுவே என் அளவுச் சட்டை. உடம்பு இன்னும் மாறாத, நல்ல சட்டை ஒன்றாவது கைவசம் உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால், நாடாவைத் தொடவே வேண்டாம், பாதிச் சட்டையைப் பிரியுங்கள் என்றுதான் சொல்வேன். தோள் ஏறி இறங்கியவர், முதுகு வளைந்தவர், எதைப் போட்டாலும் இழுத்து விட்டுக்கொண்டே இருப்பவர் வீட்டில் இருந்தால், அவருக்கு முதலில் நாடாவை எடுங்கள் என்பேன்.

அம்மாவுக்கு மூன்றாவது வெள்ளோட்டத்தில்தான் முதுகு சரிவந்தது. நீலப் பொப்ளினில் தைத்து முடித்துப் போட்டுவிட்டேன். கொடியில் துணி காயப்போட்டார், அடுப்படியில் மேல்தட்டிலிருந்த டின்னை எடுத்தார், பக்கத்து வீட்டு அக்காவோடு வாசலில் நின்று அரைமணி நேரம் பேசினார். ஒருமுறைகூட முன்பக்கத்தை இழுத்து விடவில்லை. உள்ளே வந்ததும், “எல்லாம் சரி, காசு வைக்க உள்பை எங்க?” என்று கேட்டார். அவருடைய மடித்த நோட்டையும் சின்னப் போனையும் வாங்கி மேசையில் வைத்து அளந்தேன்: நான்கு அங்குலம், ஐந்து அங்குலம், இடது பக்கம் உள்ளே. கடதாசியிலும் குறித்து வைத்திருக்கிறேன்.